தூளியில் சேரக்கூடாதது

சொன்னவர் அத்தாயி, வயது ஏறத்தாழ முப்பது, மாங்காய் பறிக்கும் கூலி வேலை. கேட்ட இடம் ஆத்தூருக்குத் தெற்கே தம்மம்பட்டிச் சாலையை ஒட்டிய ஒரு தோப்பு. கேட்ட நாள் 1987 மே ஒன்பது, முற்பகல். ஒலிநாடா எண் 41, பின்பக்கம். உடனிருந்தவர்கள் வேறு இரு பெண்கள். கிளையில் கட்டிய தூளிக்குள் ஒரு கைக்குழந்தை. அத்தாயி சொன்னது என் நாட்டார் நம்பிக்கைத் தொகுப்பின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இப்படி அச்சாகியிருக்கிறது: ‘தூளியில் முயல் சேரக்கூடாது, சேர்ந்தால் பிள்ளைக்கு வலி வரும்.’ அடிக்குறிப்பில், வலி என்பது இங்கே வலிப்பு என்றும், வைத்திய ஏடுகளில் வலிப்பு நோய்க்கு முயல்வலி என்றொரு பெயர் வழங்குவதை இதனோடு ஒப்பிடுக என்றும் எழுதியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளாக அந்த அடிக்குறிப்பு எனக்குப் பிடித்தமான ஒன்றாக இருந்தது.

இப்போது சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. சேலத்தில் ஒரு மருத்துவமனையின் மாடி நடையில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒரு கதவு. கதவுக்கு உள்ளே பூவிழி அழுகிறாள். பூவிழி என் தம்பி மகள் சுடர்க்கொடியின் பிள்ளை, பிறந்து இருபது மாதம். அவள் தூங்கினால்தான் தலையில் ஒயர்களை ஒட்டி மூளை ஓடும் விதத்தைக் கோடுகளாக எடுக்க முடியுமாம். அதற்காக விடியற்காலை நான்கு மணியிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை. எண்ணெய் வைக்காமல் தலைக்கு ஊற்றினோம். இங்கே வந்ததும் தூக்கத்துக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள், பாதியைத் துப்பிவிட்டாள். ‘ஒரு மணி வரைக்குந்தான் மேடம் வெச்சிருக்க முடியும், அப்புறம் மெஷின் ஐசியூவுக்குப் போயிரும், இன்னிக்கி எடுக்கலேன்னா இனிமே பதினொரு நாள் கழிச்சுத்தான்’ என்று பரிசோதனை எடுக்கும் பெண் சுடர்க்கொடியிடம் சொன்னாள். அந்தக் கோடுகளைப் பார்க்காமல் எந்த மருந்தும் தொடங்குவதாக இல்லை என்று மருத்துவர் நேற்றே சொல்லிவிட்டார். பதினொரு நாள். அதற்குள் இன்னொரு முறை வலிப்பு வந்தால்? கண் மேலே செருகிக்கொண்டு, வலது கை தனியாக, யாரோ இழுத்து இழுத்து விடுவதுபோல. வேண்டாம். உள்ளே அவள் ‘மொச்சி’ என்கிறாள். ‘மொச்சி, மொச்சி.’ அது அவளுடைய முயல் பொம்மையின் பெயர். அது இல்லாமல் அவள் தூங்கியதே இல்லை. அது காணாமற்போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. காணாமற்போய் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், எனக்குள்ளேயே, என்ன வெட்கம் இது. அது என் மடியில் இருக்கிறது. பையின் துணி வழியாக அதன் ஒரு காது என் முழங்காலில் குத்துகிறது. நான் எடுத்து ஒளித்தேன் என்பது ஒருவருக்கும் தெரியாது.

ஏன் ஒளித்தேன் என்றால், இல்லை, முதலில் ஏன் வாங்கினேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை முக்கியம், வரிசை தவறினால் காரணம் விளைவாகிவிடும். ஒன்பது மாதத்துக்கு முன் காதுகுத்து. நான்கு ரோட்டில் ஒரு பொம்மைக் கடை. ‘கரடி எடுக்கறீங்களா சார், மொசக்குட்டி எடுக்கறீங்களா? கரடின்னா சில பாப்பா பயந்துக்கும்’ என்றாள் கடைப்பெண். மொசக்குட்டி என்று அவள் சொன்ன அந்த நொடியில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் என் கண்முன் வந்து நின்றது, வரிகளோடு, அடிக்குறிப்பின் சிற்றெழுத்துகளோடு. அதனால்தான் அதை எடுத்தேன். மறந்துபோய் வாங்கவில்லை, நினைவு வந்ததால் வாங்கினேன். இதை நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நம்பிக்கைகளைச் சேகரிப்பவன் அவற்றை நம்புகிறவன் அல்லன் என்று வகுப்பில் எத்தனை ஆண்டு சொல்லியிருப்பேன். அந்த வாக்கியத்துக்கு ஒரு சின்ன நிரூபணம்போல அந்த முயலை வாங்கி, வண்ணத்தாளில் சுற்றச்சொல்லி, சிரித்துக்கொண்டே கொண்டுபோனேன். எனக்கு மட்டுமே தெரிந்த சிரிப்பு. நிரூபணத்தைக் குழந்தையின்மீது வைத்தேன் என்பது அப்போது தோன்றவில்லை. அன்றைக்கு ஆசாரி இடக்காதில் குத்தியதும் பூவிழி வீறிட்டாள். வலக்காதைக் காட்டவே இல்லை. அவர் சாவதானமாக முயலை வாங்கி, ‘மொதல்ல இவருக்குக் குத்துவோம், இவருக்குத்தான் காது பெருசு’ என்று அதன் காதில் ஊசியை ஏற்றிக் கறுப்பு நூலொன்றை முடிந்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. பூவிழி அழுகையை விட்டுவிட்டு அதையே பார்த்தாள். அன்றிலிருந்து அது அவளைவிட்டுப் பிரியவில்லை. குளிக்கும்போதும் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். முதலில் ‘மொ’ என்றாள், பின் ‘மொச்’, பதினைந்தாம் மாதத்தில் ‘மொச்சி’. மூன்றையும் நாளிட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு நாளைக்கு முன், செவ்வாய்க்கிழமை, மூன்று பத்து. அவள் அப்பா ஓசூரில் வேலையில், சுடர்க்கொடி குளியலறையில், நான் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், குழந்தைக்குக் காலையிலிருந்து காய்ச்சல். ஒரு சத்தமும் இல்லை. ஏதோ தோன்றித் திரும்பினேன். முயல்மேல் குப்புறக் கிடந்தாள், வலது கை இழுத்துக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தூக்குவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்தேன். அறுபது வருடப் பழக்கம் அது, எது நடந்தாலும் எப்போது நடந்தது என்று. பின்னர் மருத்துவர், ‘நேரம் பாத்தீங்க பாருங்க, ரொம்ப நல்லது’ என்று என்னைப் பாராட்டினார். அந்த இரண்டு நிமிடமும் என் தலைக்குள் ஒரே சொல் ஓடியது, முயல்வலி முயல்வலி என்று; என் குரலில் அல்ல, அச்செழுத்தில். மாலையில் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்கையில், பாயில் கிடந்த முயலை எடுத்துக்கொண்டு மாடியில் என் அறைக்கு ஏறினேன். நாடாக்கள் வைத்திருக்கும் மர அலமாரியில், பாச்சை உருண்டைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். பூட்டும்போது, ‘நான் இதை நம்பவில்லை’ என்று வாய்விட்டே சொன்னேன். நம்பாதவன் எதற்காகப் பூட்டினான் என்றால், சும்மா, ஓர் எச்சரிக்கைக்கு, இரண்டு நாளைக்கு. இரண்டு நாள் கழித்து எடுத்துக் கொடுத்தால் எங்கிருந்தது என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் தெரிந்தே வாங்கினேன் என்பதையும். மூன்றாம் நாள் இன்னும் கடினமாயிற்று. சுடர்க்கொடி கட்டிலைப் புரட்டினாள், அழுக்குத் துணிக்கூடையைக் கவிழ்த்தாள், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேடினாள். ‘பெரியப்பா, நீங்க எங்கயாச்சும் பாத்தீங்களா?’ என்றாள். ‘இல்லையேம்மா’ என்றேன். அவ்வளவு இயல்பாக வந்தது.

ஆறாம் நாள் இரண்டாம் முறை வந்தது, காய்ச்சலே இல்லாமல். அதனால்தான் இந்தப் பரிசோதனை. முயல் அவளருகில் இல்லாதபோது வந்தது. அப்படியானால் முயல் காரணமில்லை. இதைவிட எளிய தர்க்கம் வேறில்லை. அப்போதே இறங்கிவந்து கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அலமாரி அவள் படுக்கும் அறைக்கு நேர்மேலே இருப்பதைக் கணக்கிட்டேன். எவ்வளவு தூரம் என்பதைத் தகவலாளர் குறிப்பிடவில்லை என்று நினைத்தேன். சேர்ந்தபின் விலக்கினால் போதுமா, அல்லது விலக்குவதே கெடுதலா, அதற்கு மாற்று வடிவம் ஏதும் கிடைக்கவில்லை, ஒரே ஒரு தகவலாளர், ஒரே ஒரு பதிவு, மேலும் தேடியிருக்க வேண்டும் என்று. எழுபத்தொரு வயதில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பொம்மைக்கும் பிள்ளைக்கும் இடையே எத்தனை அடி என்று எண்ணுகிற ஒருவன். அவனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அதற்குப் பின்தான் முயலை இந்தப் பைக்கு மாற்றினேன். வீட்டைவிட்டு வெளியே எடுத்துப்போய் எங்காவது விட்டுவிடலாம் என்று. விடவும் முடியவில்லை. பேருந்து நிலையத்துக் குப்பைத்தொட்டிவரை போனேன். அந்த நூல் முடிந்த காது வெளியே எட்டிப் பார்த்தது, திரும்பிவிட்டேன். ஆகவே அது இப்போது என் மடியில், அவளிடமிருந்து ஒரு கதவு தூரத்தில். பதினொன்று ஐம்பத்திரண்டு. தரை துடைத்த திரவத்தின் நெடி. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக் என்கிறது. கொடுத்துவிடலாம். கொடுத்து, அது உள்ளே இருக்கும்போதே, ஒயர்கள் ஒட்டியிருக்கும்போதே, வந்துவிட்டால்? வராது. எனக்குத் தெரியும் வராது என்று. தெரிவது தலையில் இருக்கிறது. பையைப் பிடித்திருப்பது கை.

‘என்னங்கய்யா, பாப்பா மொச்சி மொச்சின்னு அழுவுது? மொச்சக்கொட்டையா? கேன்டீன்ல சுண்டல் போட்டிருக்கான், வாங்கியாரட்டுமா?’ தலையை நிமிர்த்தினேன். காலையில் குழந்தையை வாங்கி மாடிக்குத் தூக்கிவந்த ஆயா, மாரக்கா. துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். ‘மொச்சை இல்லீங்கம்மா. மொசக்குட்டி. பொம்மை’ என்றேன். ‘அட பொம்மையா! ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களாக்கும். பையி மட்டும் மறக்காம எடுத்தாந்துட்டீங்க, என்னமோ பத்தரம் வெச்ச மாதிரி கட்டிப் புடிச்சுக்கிட்டு.’ அவர் சிரித்தார். என் கைகள் பையை இன்னும் இறுக்கின. எதையாவது பேச வேண்டும். பேச்சை மாற்ற வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், கேள்வி கேட்பது. ‘உங்களுக்கு எந்த ஊருங்க?’ ‘தும்பல் பக்கமுங்க. வாழப்பாடி தாண்டிப் போவோணும். மலை ஓரம்.’ ‘அங்கயெல்லாம்,’ என்று தொடங்கி, என் குரல் வகுப்புக் குரலாக மாறுவதைக் கேட்டுக்கொண்டே சொன்னேன், ‘கைப்புள்ள இருக்கிற எடத்துல, தூளியில மொசல் சேரக்கூடாதுன்னு ஏதாவது சொல்வாங்களா?’ மாரக்கா என்னைப் பார்த்தார். கேலி செய்கிறேனா என்று பார்த்தார். ‘மொசலா? மொசலு எதுக்குங்கய்யா தூளிக்கு வருது? எங்கூர்ல மொசலு ஆப்புட்டா நேரா சட்டிக்குத்தான் போவும்.’ அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ‘யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க. மொசுறும்பாங்க. தூளில மொசுறு சேரப்படாது. மாமரத்துல இருக்குமே, செவப்பா, எலையெலையா இழுத்து ஒட்டிக் கூடு கட்டிக்கிட்டு. அதுல தூளி கட்டோணும்னா மொதல்ல கெளைய நல்லா ஒதறிப் பாத்துட்டுக் கட்டோணும். ஒண்ணு ஏறிச்சுன்னா கூட்டமா வந்து சேந்துக்கும். பச்சப்புள்ளைக்கு வலி தாங்குமுங்களா?’

மொசுறு. எறும்பு. மாரக்கா துடைப்பானை எடுத்துக்கொண்டு போய்விட்டார், இன்னும் தோள் குலுங்கச் சிரித்தபடி. அத்தாயி உட்கார்ந்திருந்தது மாமரத்தடி. மாமரத்தடி என்று நாடா உறையில் நானே எழுதியிருக்கிறேன், தூளி கட்டியிருந்தது என்றும். குறிப்பேட்டில் அந்தச் சொல் எப்படி இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம்: மொச என்று இரண்டு எழுத்து, பிறகு ஒரு கோடு. அவர் வேகமாகப் பேசினார், கோடிழுத்துவிட்டு ஓடினேன், வீட்டுக்கு வந்து நாடாவைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று. நாடாவில் சரியாக அந்த இடத்தில் தூளிக்குள் இருந்த குழந்தை வீறிட்டிருக்கிறது. மொச, வீறல், சேரப்படாது, புள்ளைக்கு வலி. நான் அப்போது வைத்திய ஏடுகளின் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். முயல்வலி என்ற சொல் ஒரு வாரமாக என்னோடு பேருந்தில் வந்தது, என்னோடு தூங்கியது. அது அந்தக் கோட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. வலி என்று அவர் சொன்னது வலியைத்தான். கடித்தால் வலிக்கும் அல்லவா, அந்த வலி. அதை நான் வலிப்பாக்கினேன். சேர்தல்: முயல் சேருமா? ஒரு முயல் எப்படிச் சேரும்? கூட்டமாக வருவதுதான் சேரும். அந்த வினைச்சொல் முப்பத்தேழு ஆண்டாக என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நான் எழுவாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே உறுதி என்றும் சொல்வதற்கில்லை. மாரக்கா ஒருவர், தும்பல் வேறு, தம்மம்பட்டி வேறு, அத்தாயி மொசலு என்றே சொல்லியிருக்கவும் கூடும், வீறலுக்கு அடியில் எது இருந்தது என்று இனி யாரால் சொல்ல முடியும். பாருங்கள், இப்போதும் அதற்காக வாதாடுகிறேன். என் பக்கத்துக்காக. இருநூற்றுப் பன்னிரண்டு என்னும் எண்ணுக்காக.

இனி அச்சத்துக்கு இடமில்லை. ஆகவே கை பையைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. இதுதான் எனக்கு விளங்காதது. அச்சம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது, அதே கனத்தில், அதே உட்காரும் விதத்தில். ஓர் எறும்பின் பெயரைத் தவறாகக் கேட்டதற்காக ஒரு குழந்தையைப் பன்னிரண்டு நாள் அழவிட்டேன் என்று எந்த வாக்கியத்தில் சொல்வது? எந்தச் சொல்லில் தொடங்கினாலும் அது கேலிக்கதைபோல் முடிகிறது. நான் ஒரு கேலிக்கதையின் வகைமாதிரி. படித்தவன், பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியை விழுங்கியவன். இத்தகைய கதைகள் நூற்றுக்குமேல் என்னிடமே இருக்கின்றன, தோப்புகளில் பெண்கள் சொல்லிச் சிரித்தவை. பேசாமல் ஒரு மணிவரை இருந்துவிட்டால்? ஒருவேளை தானே தூங்கிவிடுவாள். களைப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? பன்னிரண்டு எட்டு. அழுகை நின்றது. நின்றுவிட்டது, தூங்கிவிட்டாள், என்னை விட்டுவிட்டார்கள், நான் பையோடு வீட்டுக்குப் போகலாம், என்று என் மூச்சு இறங்கத் தொடங்கிய வேளையில் கதவுக்குப் பின்னால் சுடர்க்கொடியின் குரல் கேட்டது. பொய் சொல்லத் தெரியாதவளின் குரல். ‘மொச்சி வந்துட்டே இருக்கான்டா தங்கம். பஸ்ல வரான். நீ கண்ண மூடு, அம்மா கூட்டியாறேன்.’ பூவிழி அதற்குப் பதிலாக ஒன்று சொன்னாள், அழாமல், கேட்பதுபோல. ‘மொச்சி?’ இந்தக் கேள்வி பன்னிரண்டு நாளாக மாடிப்படியில் நின்ற என் காதில் விழுந்திருக்கிறது. எழுந்தேன். கதவைத் தட்டினேனா திறந்தேனா என்பது நினைவில் இல்லை.

உள்ளே அரையிருட்டு. கட்டிலில் பூவிழி, தலைமுடி முழுக்க ஈரப்பசை, இரண்டு ஒயர்கள் பிய்ந்து தொங்கின. சுடர்க்கொடி கட்டில் விளிம்பில். நான் பையிலிருந்து முயலை எடுத்தேன். எடுத்து நீட்டினேன், யாருக்கு என்று தெரியாமல், நடுவில். சுடர்க்கொடி அதைப் பார்த்தாள், பிறகு பையை, பிறகு என்னை. ‘எங்க இருந்துச்சு?’ ‘என்கிட்டம்மா.’ ‘எப்பலேர்ந்து?’ ‘அன்னிக்கேர்ந்து.’ அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எறும்புவரைக்கும். பூவிழி இரண்டு கையாலும் முயலைப் பறித்தாள், முகத்தில் புதைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். மறுபடி முகர்ந்தாள். முகம் கோணியது. கட்டிலைவிட்டு வீசி எறிந்துவிட்டு முன்னைவிட உரக்க அழத் தொடங்கினாள். ‘மொச்சி இல்ல. மொச்சி இல்ல.’ பாச்சை உருண்டை வாடை. என் நாடாக்களின் வாடை. எனக்குத் தெரிந்து அவள் பேசிய முதல் இரண்டு சொல் வாக்கியம் அது. அதை நாளிட்டு எழுத வேண்டும் என்று என்னுள் ஏதோ ஒன்று அப்போதும் எழுந்தது, அதைச் சொல்லாமல் மறைக்க மாட்டேன். பரிசோதனைப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். சுடர்க்கொடி குனிந்து முயலை எடுத்தாள். அதை உதறினாள். பிறகு தன் சேலைக்குள், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, வியர்வை படும் இடத்தில் செருகி, மேலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குழந்தையை மறுதோளில் சாய்த்து அறைக்குள்ளேயே நடந்தாள். சுவர்வரை ஐந்து அடி, திரும்பி ஐந்து அடி. என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் சுவரோடு ஒட்டி வழிவிட்டேன். ஒருமுறை, நடப்பதை நிறுத்தாமல், குழந்தையைத் தட்டுவதை நிறுத்தாமல், தாலாட்டும் அதே தணிந்த குரலில் சொன்னாள்: ‘பன்னெண்டு நாள் பெரியப்பா. தெனம் கட்டிலுக்கடியில பூந்து கூப்ட்டா. நீங்க மேல ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க.’ பதில் ஒன்று என் வாய்க்குள் உருவாகி, அடிக்குறிப்பின் நடையில் இருந்ததால், அங்கேயே நின்றுவிட்டது. கால் மணி நேரம் போல் ஆயிற்று. முந்தானைக்குள்ளிருந்து அவள் முயலை மெல்ல எடுத்துக் குழந்தையின் கன்னத்தருகே வைத்தாள். பூவிழி முகரவில்லை. கண்ணைத் திறக்காமலே அதைத் தன் தாடைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

பரிசோதனைப் பெண்ணின் பதிவேட்டில் ‘12.31 தூக்கம்’ என்று மட்டுமே உள்ளது. எதனால் என்பதற்கு அதில் இடமில்லை. கோடுகள் எடுத்தாயிற்று, இடப்பக்கத்தில் சிறு கோளாறு, காலையும் மாலையும் ஒரு சிரப், இரண்டு ஆண்டுவரை, இன்றோடு ஐந்து வாரமாக வலிப்புத் திரும்ப வரவில்லை. மேலே சொன்னது என் வாய்மொழி. மற்றவர்கள் வேறு முடிவு சொல்கிறார்கள். மாரக்கா சொல்வதில் முயலே வருவதில்லை. தான் போய்ப் பத்துத் தட்டுத் தட்டியதும் குழந்தை தூங்கிவிட்டதாகக் கீழ்த்தளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், நானே கேட்டேன். சுடர்க்கொடி சொல்வது இன்னொன்று. அன்று மாலை ஓசூருக்குத் தொலைபேசியில் கணவனிடம் சொன்னபோது, முதல் நாள் மருத்துவமனைக்குப் போன ஆட்டோவிலேயே பொம்மை தங்கிவிட்டதாகவும், பெரியப்பாதான் அலைந்து திரிந்து அந்த ஆளைக் கண்டுபிடித்து வாங்கிவந்ததாகவும் சொன்னாள். இரண்டாம் முறை, என் தம்பியிடம் சொன்னபோது, ஆட்டோக்காரர் அதைக் கண்ணாடிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார் என்பது சேர்ந்திருந்தது. மூன்றாம் முறை நேற்று, எதிர்வீட்டுச் செண்பகத்திடம், நான் கேட்கும்படியாகவே. அந்தப் பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மட்டும் மாடிக்கு வந்துவிடும். நேற்றுக் கதையின் நடுவில் நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள். ‘அந்த ஆட்டோக்காரரு பேரு என்ன பெரியப்பா?’ என்றாள். தண்டனையா, மன்னிப்பா, அவள் முகத்திலிருந்து எனக்குப் படிக்கத் தெரியவில்லை. செண்பகம் காத்திருந்தார். ‘சின்னராசு’ என்றேன்.